கண்மணி திருத்திய மூன்றாவது விதி

பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கண்மணி வீட்டுச் சாப்பாட்டு மேசை பக்கம் மத்தியானம் யாரும் போக மாட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு 'கிளைமேல்' விதிகளைப் புதுப்பிப்பாள்.

கிளைமேல் ஓர் இணைய மன்றம். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் தாங்கள் பார்த்த பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொள்ளும் இடம். நியூஜெர்சியில் ஒருவர் பனிக்கால வாத்தைப் படம் எடுத்துப் போடுவார், டெக்சாஸில் இருப்பவர் அது என்ன வாத்து என்று சொல்வார், கலிஃபோர்னியாக்காரர் இல்லவே இல்லை என்று மறுப்பார். அந்தச் சண்டையெல்லாம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது கண்மணியின் பொறுப்பு. நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. பக்கத்திலேயே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அங்கேயும் இதே வேலைதான்: எந்த மருந்தை எப்படிச் செய்ய வேண்டும், எந்த மெஷினை எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் ஆவணங்கள் காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது.

"ஆபீஸ்லயும் ரிவிஷன், வீட்லயும் ரிவிஷன். என்னை எப்ப ரிவைஸ் பண்ணப் போற?" என்பார் கணவர் சபரிநாதன்.

"உங்களுக்கு வெர்ஷன் ஒண்ணுதானுங்க. அதுக்கு மேல அப்டேட் ஏறாது" என்பாள் கண்மணி.

மன்றத்துக்கு விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவள் கோழிக் கதையைச் சொல்வாள். டாலஸ் பக்கம் ஒருவர் கொல்லையில் கோழி வளர்க்க ஆரம்பித்தார். தினமும் கோழிப் படம். கோழியும் பறவைதானே என்று அவருக்கு ஆதரவாக ஒரு கூட்டம். அடுத்து ஒருவர் கிளிக் கூண்டோடு வந்தார். இன்னொருவர் முட்டை விலையைப் பேச ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் காட்டுப் பறவை ஒன்றைக்கூட மன்றத்தில் காணோம். கண்மணி யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினாள்: 'தானாக வந்து தானாகப் போகிற பறவைகள் மட்டும்.' கோழிக்காரர் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே தன் கோழித் தீவனத்தைத் தின்ன வந்த சிவப்பு கார்டினல் குருவியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, "இது தானாத்தான் வந்துச்சு" என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்படி ஒவ்வொரு வருஷமும் ஏதாவது வரும். ஊருக்குப் போனவர்கள் வேடந்தாங்கல் படங்களைப் போட்டபோது, அமெரிக்கா மட்டும் என்றிருந்த எல்லையைத் தளர்த்தினாள். பறவைக் காய்ச்சல் பரவியபோது, செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொட்டுத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது என்று சேர்த்தாள். கம்ப்யூட்டரே வரைந்து தரும் பொய்ப் படங்கள் வர ஆரம்பித்ததும் அதற்கொரு விதி. பழைய விதிகளில் பயன் இல்லாதவற்றைத் தயங்காமல் அடிப்பாள்.

மூன்றாவது விதியை மட்டும் அவள் தொட்டதே இல்லை.

'பறவையைப் பார்த்த இடத்தை மறைக்காமல் எழுதுங்கள். யார் கேட்டாலும் சொல்லுங்கள்.'

அந்த விதி இல்லாவிட்டால் அமெரிக்காவில் தான் என்னவாகியிருப்போம் என்று அவளுக்குத் தெரியாது. கோபிச்செட்டிபாளையத்தில் கெமிஸ்ட்ரி படித்து, இரண்டு வருஷம் ஒரு லேபில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி நியூஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்தவள். கணவரின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டத் தெரியாது. சபரிநாதன் காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அபார்ட்மெண்டைச் சுற்றிப் பனி. பேச ஆள் இல்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையே அவளுக்குக் கசந்துபோயிருந்தது.

ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே மிகப் பெரிய பறவை ஒன்று பறந்து போனது. தலை வெள்ளை, வால் வெள்ளை. அது என்ன என்று தமிழில் தேடப்போய் கிளைமேலுக்குள் வந்து விழுந்தாள். அப்போது அங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். தயங்கித் தயங்கிக் கேட்டாள். சிறிது நேரத்திலேயே பதில் வந்தது: 'வெண்தலைக் கழுகு அம்மா. உங்களுக்குப் பக்கத்தில் பூண்டன் நீர்த்தேக்கத்தில் கூடு இருக்கிறது. இதோ இடம்.' எழுதியவர் சிவராமகிருஷ்ணன், மன்றத்தைத் தொடங்கியவர். அப்போது பிரிட்ஜ்வாட்டரில் குடியிருந்த இன்ஜினியர்.

'நன்றி சார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது' என்று கண்மணி எழுதினாள். அவ்வளவுதான் எழுதினாள். அவர் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை சிவராமகிருஷ்ணனும் அவர் மனைவி அபயாம்பாளும் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

தொலைநோக்கி வழியாக அந்தக் கூட்டைப் பார்த்தபோது கண்மணி அழுதாள். ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அபயாம்பாள் ஒன்றும் கேட்காமல் ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு வாராவாரம் ஏதோ ஒரு ஏரி, ஏதோ ஒரு காடு. பறவை பார்க்கப் போக வேண்டும் என்பதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சட்டம் மாறி வேலைக்கு அனுமதி கிடைத்ததும், மருந்துக் கம்பெனிக்கு அவள் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவரும் மன்றத்து ஆள்தான். மகள் கயல் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தவள் அபயாம்பாள். கயலுக்கு இப்போது பன்னிரண்டு வயதாகிறது.

சிவராமகிருஷ்ணன் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டுக்குக் குடிபோனபோது மன்றத்தைக் கண்மணியிடம் ஒப்படைத்தார். "எதை வேணா மாத்திக்கோம்மா. உன் கையில குடுத்தாச்சு" என்று அப்போது சொன்னார்.

இந்த வருஷம் பிப்ரவரியில்தான் அது நடந்தது.

பார்சிப்பனியில் இருக்கும் கௌசிக், முப்பது வயதுப் பையன், நன்றாகப் படம் எடுப்பான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்காவின் பைன் மரக் கூட்டத்தில் நீள்காது ஆந்தைகள் நாலைந்து பகலில் தூங்குவதைக் கண்டுபிடித்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை. அவற்றைப் பார்ப்பது அபூர்வம். படத்தோடு, மரம் வரைக்கும் சரியாகக் காட்டும் 'பின்' என்கிற வரைபடக் குறியையும் மன்றத்தில் போட்டான்.

மன்றத்தில் இப்போது ஆயிரக்கணக்கானவர்கள். அந்த இணைப்பை யாரோ வாட்ஸாப் குழுக்களிலும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மணி கயலையும் கூட்டிக்கொண்டு போனபோது கார் நிறுத்த இடம் இல்லை. பைன் மரங்களைச் சுற்றி ஒரு திருவிழாக் கூட்டம். ஒருவர் தன் போனில் ஆந்தைக் குரலை ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர், ஆந்தை கண்ணைத் திறக்க வேண்டும் என்பதற்காகக் கிளையைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணா, உலுக்காதீங்க! அது தூங்கற நேரமுங்க!" என்று கண்மணி ஓடினாள். அதற்குள் ஆந்தைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழும்பின. எங்கிருந்தோ காக்கைகள் வந்து அவற்றைத் துரத்தின. மரங்களுக்கு மேல் பெரும் இரைச்சல். பிறகு ஆந்தைகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பூங்காக் காவலர் வந்தார். எல்லாரும் கலைந்து போன பிறகும் நின்றுகொண்டிருந்த கண்மணியிடம், இவர்களெல்லாம் உங்கள் குழுவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் திட்டவில்லை. ஐந்து வருஷமாக இந்த மரங்களுக்கு அவை வந்துகொண்டிருந்தன என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

காரில் கயல் கேட்டாள். "அம்மா, வில் தே கம் பேக்?"

"தெரியலை கண்ணு."

அன்று சாயங்காலமே கௌசிக்கைக் கூப்பிட்டாள். அவன் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, நான் டெய்லி அங்க போய் செக் பண்ணிட்டிருந்தேன். அதுங்களை நான்தான் துரத்திட்டேன்ல?"

"பின் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கௌசிக்."

"கேக்கணும்னு தோணலைக்கா. ரூல்லயே இருக்கே, மூணாவது ரூல். லொகேஷன் போடாம விட்டாத்தான் தப்புன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது சரி. அவன் விதியை மீறவில்லை, விதிப்படி நடந்தான். ஆபீஸில் இப்படி ஒன்று நடந்தால் அவள் ஆளைக் குற்றம் சொல்ல மாட்டாள். பழைய ஆவணத்தை யார் புழக்கத்தில் விட்டு வைத்தது என்றுதான் கேட்பாள். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் உட்கார்ந்து, அந்த ஒரு வரியை மட்டும் பூஜை அறைப் படம் போலத் தொடாமல் விட்டது அவள்தான்.

மறுநாள் ஃப்ரீமாண்டுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். மூன்றாவது விதியை எடுத்துவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னாள்.

"அது வேண்டாம்மா" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"ஆந்தைங்க போயிடுச்சுங்க சார்."

"புரியறது. ஆனா அந்த ரூலை நான் எதுக்குப் போட்டேன்னு உனக்குத் தெரியாது. நான் இந்த தேசத்துக்கு வந்த புதுசுல பறவை பார்க்கறவா கிளப் ஒண்ணுல சேர்ந்தேன். ஆந்தை எங்க இருக்குன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டா. சிரிச்சுண்டே பேச்சை மாத்திடுவா. அவாளுக்குள்ள மட்டும் போய்ப் பார்த்துட்டு வருவா. ஒரு வருஷம் அங்க நின்னுண்டிருந்தேன் கண்மணி, வாசல்ல நிக்கிற மாதிரி. நம்ம இடத்துல யாருக்கும் அப்படி ஆகப்படாதுன்னுதான் அதை எழுதினேன்."

அவர் இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"உன் கையில குடுத்தாச்சு. நீ எது சரின்னு நினைக்கறயோ பண்ணு. ஆனா அதை எடுத்துட்டா, ரூல்ஸுக்கு மேல ஆரம்பிச்சவர்னு என் பேர் இருக்கே, அதையும் எடுத்துடு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இரண்டு வாரம் அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆந்தைகளின் இடத்தை எழுத வேண்டாம் என்று ஒரு தற்காலிக அறிவிப்பை மட்டும் போட்டாள். அதற்கே மன்றம் கொதித்தது. 'நியூஜெர்சிக்காரர்கள் பறவைகளைப் பட்டா போட்டுக்கொள்கிறார்கள்' என்று ஒருவர் எழுதினார். 'அட்மினுக்கு மட்டும் ஆந்தை, நமக்கு அறிவிப்பு' என்று இன்னொருவர். சிவராமகிருஷ்ணன் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. இடத்தைச் சொன்னால் பறவை போய்விடுகிறது. சொல்லாவிட்டால் மனிதர்கள் வெளியே நிற்கிறார்கள். சாப்பிடும்போதும் அதே யோசனை. சபரிநாதன் கிண்டலை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் வான்மதி என்று ஒரு பெண் மன்றத்தில் சேர்ந்தாள். பார்சிப்பனிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று எழுதியிருந்தாள். 'ஆந்தையை நேரில் பார்த்ததே இல்லை. எங்கே போனால் பார்க்கலாம்? பஸ் போகிற இடமாகச் சொன்னால் நல்லது.'

கண்மணி வழக்கமான பதிலை எழுத ஆரம்பித்தாள். தற்சமயம் இடங்களைப் பகிர்வதில்லை, மன்னிக்கவும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. பஸ் போகிற இடம். நியூஜெர்சியில் எந்த ஆந்தை பஸ் போகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? இந்தப் பெண்ணுக்கு வரைபடக் குறியைக் கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அன்றைக்கு சார் எனக்கும் இடத்தை எழுதினார், அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கழுகைக் காட்டியது அந்த வரி இல்லை. வாசலில் வந்து நின்ற காரும் அதில் இருந்த இரண்டு பேரும்தான்.

எழுதியதை அழித்துவிட்டு, 'சனிக்கிழமை வருகிறேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருங்கள்' என்று எழுதினாள்.

பிறகு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் புது விதி வந்துவிட்டது.

'கூடு கட்டியிருக்கும் பறவை, ஆந்தை, அபூர்வப் பறவை: இவற்றின் இடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம். ஆனால் பார்க்க ஆசைப்படுகிறவரைச் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். இடம் தெரிந்தவர் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கிறவர், எங்கே என்று கேட்காமல், நானும் வரட்டுமா என்று கேளுங்கள்.'

அதை சிவராமகிருஷ்ணனுக்கு அனுப்பினாள். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் அவள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல போகப்படாதுன்னு சேர்த்துக்கோ" என்றார்.

"சரிங்க சார்."

"போன்ல குரல் போட்டு அதைக் கூப்பிடப்படாதுன்னும் போடு."

"போட்டுடறேனுங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், மேல உங்க பேரு?"

"அது இருக்கட்டுமே" என்றார். பின்னாலிருந்து அபயாம்பாளின் குரல் கேட்டது. "நேத்திலேர்ந்து அதைப் படிச்சுப் படிச்சு எனக்கு வேற காட்டிண்டிருக்கார். நன்னாயிருக்குன்னு சொல்லுங்கோளேன், வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை. கொஞ்சம் பேர் விலகிப் போய் வேறு குழு தொடங்கினார்கள். கூட்டிக்கொண்டு போக ஆள் கிடைக்காத ஊர்கள் இருந்தன. டெக்சாஸில் ஒருவருக்கு மிக அருகில் இருந்த உறுப்பினரே மூன்று மணி நேரப் பயணம். அதற்கு கண்மணியிடம் இன்றைக்கும் சரியான விடை இல்லை. ஆனால் புது விதி போட்ட அன்றே முதலில் பெயர் கொடுத்தவன் கௌசிக். 'வடக்கு ஜெர்சி, சனிக்கிழமை, காரில் மூன்று பேருக்கு இடம் உண்டு' என்று எழுதினான். வாரம் தவறாமல் எழுதுகிறான். இடத்தைச் சொல்ல மாட்டான், ஆனால் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவான் என்று வான்மதி மன்றத்தில் புகார் எழுதினாள். அவள் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் மன்றத்தில் ஒரு பதிவு வந்தது. 'பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு ஒரு வேண்டுதல். அடுத்த வாரம் நானும் என் மனைவியும் வருகிறோம். ஆந்தை பார்க்க யாராவது கூட்டிக்கொண்டு போவீர்களா? இப்படிக்கு சிவராமகிருஷ்ணன்.' புதிதாகச் சேர்ந்த பலருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. ஒருவர், 'புது உறுப்பினரா சார்? முதலில் விதிகளைப் படியுங்கள்' என்று பதில் எழுதியிருந்தார். கண்மணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கௌசிக்தான் கார் ஓட்டினான். முன் சீட்டில் சிவராமகிருஷ்ணன், பின்னால் அபயாம்பாளும் கண்மணியும். கோயில் பிரசாதப் புளியோதரை கார் முழுக்க மணந்தது. கௌசிக் மிகவும் பயந்துபோயிருந்தான். ஒரு சிக்னலில் நின்றபோது சட்டென்று சொன்னான்.

"சார், அந்த ஆந்தை... பின் போட்டது நான்தான்."

"தெரியும்ப்பா. ரூல் எழுதினது நான்தான்" என்றார் சிவராமகிருஷ்ணன். "பச்சை விழுந்தாச்சு, போ."

ஒரு பழைய பண்ணையின் ஓரத்தில் நடந்தார்கள். இலை விடாத ஒரு பெரிய ஓக் மரத்தின் கவட்டில் கொம்பன் ஆந்தையின் கூடு. தாய் ஆந்தை கூட்டை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு தலையை நீட்டி, நான்கு பேரையும் பார்த்தது. தூரத்தில் நின்றபடியே கௌசிக் தொலைநோக்கியைச் சரிசெய்து, முதலில் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டான்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சார், காபி தரட்டுங்களா?" என்றாள் கண்மணி.

"இரும்மா. அது இன்னும் என்னைப் பார்த்துண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்தார்.

அபயாம்பாள் கண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்கு எத்தனை கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்ல கண்மணிக்கு வாய் வரை வந்தது. ஆனால் அந்த இடத்தில் அதிகம் பேசக் கூடாது. அதனால் அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் முறை வரட்டும் என்று நின்றாள்.